அழைப்பு வந்தால்தான் ஆட்டம்

"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுப்பா. ஹாஸ்டல் நினைவுகள் மட்டும் வேண்டாம், அது ஏற்கெனவே நாற்பது பக்கம் வந்தாச்சு" என்று மலர்க் குழு நண்பர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆகவே நம் கல்லூரிக்கும் எனக்கும் கொஞ்சமும் சம்பந்தம் இல்லாத ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டேன். கோல்ஃப்!

சிரிக்காதீர்கள். நான் கோல்ஃப் ஆடுகிறவன் இல்லை. நம் காலத்தில் நமக்குத் தெரிந்த குச்சி விளையாட்டெல்லாம் ஹாக்கியும் கிட்டிப்புள்ளும்தான். ஆனால் வெளிநாட்டில் வேலை பார்த்த வருஷங்களில், ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால் ஆபீஸில் எல்லோருக்கும் ஒரே பேச்சு 'மாஸ்டர்ஸ்'தான். டிவியைப் போட்டால் பச்சைப் பசேல் என்று புல்வெளி, செக்கச்செவேல் என்று அசேலியாப் பூக்கள், கடைசியில் ஜெயித்தவருக்கு ஒரு பச்சைக் கோட்டு. பார்க்கப் பார்க்க ஆட்டத்தைவிட அதன் சரித்திரம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. காரணம், அது அழைப்பின் பேரில் மட்டும் ஆடுகிற போட்டி. கல்யாணப் பத்திரிகை வைப்பதில் யாரை விட்டோம், யாரைச் சேர்த்தோம் என்று எத்தனை மனஸ்தாபம் வரும் என்பதை அனுபவித்து அறிந்தவர்கள் நாம். அதனால் இந்தக் கதை நமக்கு நன்றாகவே புரியும்.

நர்சரியில் பிறந்த மைதானம்

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம், அட்லாண்டா நகரம். அங்கே 1902-ல் பிறந்தவர் பாபி ஜோன்ஸ். தொழில் வக்கீல். கோல்ஃப் ஆட்டத்தைக் காசுக்காக ஆடாமல் கடைசிவரை அமெச்சூராகவே ஆடியவர். 1930-ல் ஒரே வருஷத்தில் அமெரிக்க ஓபன், பிரிட்டிஷ் ஓபன், இரண்டு நாடுகளின் அமெச்சூர் பட்டங்கள் என்று நான்கையும் வாரிக்கொண்டார். 'கிராண்ட் ஸ்லாம்' என்று இதைச் சொல்வார்கள். அந்தக் கையோடு 28 வயதில் 'போதும்' என்று பெரிய போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். இருபத்தெட்டு வயதில் நம்மில் பலர் அப்போதுதான் முதல் வேலையில் உட்கார்ந்திருந்தோம்!

கூட்டம் சூழாத இடத்தில் நண்பர்களோடு நிம்மதியாக ஆட ஒரு மைதானம் வேண்டும் என்பது அவர் ஆசை. நியூயார்க்கில் முதலீட்டுத் தொழில் செய்துவந்த கிளிஃபோர்ட் ராபர்ட்ஸ் என்ற நண்பர் அதற்குத் துணை நின்றார். அகஸ்டா என்ற ஊரில் 'ஃப்ரூட்லேண்ட் நர்சரி' என்று 365 ஏக்கரில் ஒரு பழைய செடி வளர்ப்புத் தோட்டம் விலைக்கு வந்திருந்தது. பெல்ஜியத்திலிருந்து வந்த பெர்க்மான்ஸ் குடும்பம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடத்திய தோட்டம் அது. 1931-ல் 70,000 டாலருக்கு அதை வாங்கினார்கள். இன்றைக்கும் அந்த மைதானத்தின் பதினெட்டு ஆட்டப் பகுதிகளுக்கும் ஒவ்வொரு செடி, மரத்தின் பெயர்தான். அசேலியா, மக்னோலியா, கேமெலியா என்று வாசித்துக்கொண்டே போனால் ஊட்டி தாவரவியல் பூங்காவில் நடக்கிற மாதிரி இருக்கும்.

மைதானத்தை வடிவமைத்தவர் அலிஸ்டர் மெக்கன்ஸி. படிப்பால் டாக்டர், மனதால் மைதானக் கலைஞர். அவருடைய கெட்ட காலம், அப்போது அமெரிக்கா முழுக்கப் பெரும் பொருளாதார மந்தம். கிளப்பில் எதிர்பார்த்த அளவுக்கு உறுப்பினர் சேரவில்லை, கையில் காசில்லை. பேசிய கூலி முழுதாகக் கைக்கு வராமலே 1934 ஜனவரியில் மெக்கன்ஸி காலமானார். தான் போட்ட மைதானத்தில் நடந்த முதல் போட்டியைக்கூட அவர் பார்க்கவில்லை.

பணக்காரர் வீட்டு விசேஷம் போல இன்று தெரிகிற அந்தப் போட்டி, உண்மையில் கிளப்பைக் காப்பாற்றிக்கொள்ளப் பிறந்தது. அமெரிக்க ஓபன் போட்டியைத் தங்கள் மைதானத்தில் நடத்த முடியுமா என்று முதலில் பார்த்தார்கள். அது கூடிவரவில்லை. 'சரி, நாமே ஒன்று நடத்துவோம். ஜோன்ஸ் ஆடுகிறார் என்றால் ஜனம் வரும்' என்று ராபர்ட்ஸ் கணக்குப் போட்டார். 1934 மார்ச் 22-ம் தேதி 'அகஸ்டா நேஷனல் இன்விடேஷன் டோர்னமென்ட்' தொடங்கியது. அதாவது அழைப்புப் போட்டி. மொத்தப் பரிசு 5,000 டாலர். ஜெயித்த ஹார்ட்டன் ஸ்மித்துக்கு 1,500. ஓய்விலிருந்து திரும்பி வந்த ஜோன்ஸ் பதின்மூன்றாம் இடத்தை மற்றவர்களோடு பகிர்ந்துகொண்டார்.

'மாஸ்டர்ஸ்' என்று பெயர் வைக்கலாம் என்று ராபர்ட்ஸ் ஆரம்பத்திலேயே சொன்னார். 'மேதாவிகள்' என்று நாமே நம்மைச் சொல்லிக்கொள்வதா என்று ஜோன்ஸுக்குக் கூச்சம். பத்திரிகைக்காரர்களுக்கு அந்தக் கூச்சம் ஏது? அவர்கள் எழுதி எழுதி, கடைசியில் 1939-ல் அதுவே அதிகாரபூர்வப் பெயர் ஆகிவிட்டது.

ஒரே அடியில் வந்த புகழ்

கோல்ஃப் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. பந்தை இத்தனை அடியில் குழிக்குள் போட வேண்டும் என்று ஒவ்வொரு குழிக்கும் ஒரு கணக்கு உண்டு. அதற்கு 'பார்' என்று பெயர். அதற்குக் குறைவாக அடித்தால் லாபம், கூடினால் நஷ்டம். அவ்வளவுதான், இனி நீங்களும் டிவி பார்க்கலாம்.

இரண்டாம் வருஷமான 1935-ல் கிரெய்க் வுட் என்பவர் ஆட்டத்தை முடித்துவிட்டு, ஜெயித்த மாதிரியே இருந்தார். பின்னால் ஆடிக்கொண்டிருந்த ஜீன் சரஸனுக்கு நான்கே குழிகள் பாக்கி. மூன்று அடி பின்தங்கியிருந்தார். பதினைந்தாவது குழி ஐந்து அடிக் கணக்கு. இரண்டாவது அடியை சுமார் 235 கெஜ தூரத்திலிருந்து, குளத்தைத் தாண்டி அடித்தார். பந்து போய் நேரே குழிக்குள் விழுந்தது! ஐந்து அடிக் குழி இரண்டே அடியில் முடிந்தது. ஒரே வீச்சில் மூன்று அடி பாக்கியும் தீர்ந்தது. மறுநாள் நடந்த 36 குழி ஆட்டத்தில் சரஸன் வுட்டைத் தோற்கடித்தார். ஜோன்ஸின் பெயரை நம்பி நடந்த போட்டிக்குத் தன் சொந்தப் புகழ் வந்தது அந்த அடியால்தான் என்று சொல்ல வேண்டும்.

1943 முதல் 1945 வரை உலகப் போர் காரணமாகப் போட்டி இல்லை. அந்த நாட்களில் மைதானத்தில் மாடுகளை மேய விட்டார்கள், வான்கோழி வளர்த்தார்கள். மாடுகள் புல்லோடு நிற்குமா? நர்சரிக்காரர் காலத்து அசேலியாச் செடிகளையும் ஒரு கை பார்த்துவிட்டன. மாடு எந்த ஊரில் இருந்தால் என்ன, மாடுதானே!

பச்சைக் கோட்டு முதலில் கிளப் உறுப்பினர்களுக்காக 1937-ல் வந்தது. ஜெயித்தவருக்குப் போட்டுவிடும் வழக்கம் 1949-ல் ஸாம் ஸ்னீட் காலத்தில் ஆரம்பித்தது. 1956-ல் டெலிவிஷன் வந்தது. அடுத்து வந்த ஆர்னால்ட் பாமர் 1958, 60, 62, 64 என்று ஒன்று விட்டு ஒரு தடவை ஜெயித்தார். ஜாக் நிக்லாஸ் ஆறு முறை ஜெயித்தார். கடைசியாக 1986-ல் ஜெயித்தபோது அவருக்கு வயது 46. 1961-ல் ஜெயித்த தென்னாப்பிரிக்காவின் கேரி பிளேயர்தான் அமெரிக்கர் அல்லாத முதல் சாம்பியன்.

ஜனாதிபதி ஐசனோவரும் கிளப் உறுப்பினர். பதினேழாவது குழிப் பாதையில் ஒரு பைன் மரம் அவர் பந்தை அடிக்கடி மறித்தது. 1956-ல் கிளப் கூட்டத்தில் 'அந்த மரத்தை வெட்டுங்கள்' என்று கேட்டார். தலைவர் ராபர்ட்ஸ் சட்டென்று கூட்டத்தையே முடித்துவிட்டார். மரம் தப்பியது. அதன் பெயரே 'ஐசனோவர் மரம்' ஆகி, 2014-ல் பனிப்புயலில் சேதப்பட்டு அகற்றப்படும் வரை அங்கேதான் நின்றது. நாட்டுக்கே ஜனாதிபதியானாலும் இந்த வீட்டில் விருந்தாளிதான். கிளப்பின் சுபாவம் அது.

யாருக்குப் பத்திரிகை வரவில்லை?

இந்த இடத்தில்தான் கதை மாறுகிறது.

1968-ல் நடந்தது ஒன்று. அர்ஜென்டினாவின் ரோபர்ட்டோ டி விசென்ஸோ தன் நாற்பத்தைந்தாவது பிறந்த நாளன்று பிரமாதமாக ஆடி, முதலிடத்தைப் பகிர்ந்துகொள்ளும் நிலையில் முடித்தார். பதினேழாவது குழியில் அவர் அடித்தது மூன்று. கூட ஆடி, கணக்கு எழுதிய டாமி ஆரன் நான்கு என்று எழுதிவிட்டார். டி விசென்ஸோ கவனிக்காமல் கையெழுத்துப் போட்டார். விதிப்படி எழுதிய கணக்குதான் செல்லும். பாப் கோல்பி சாம்பியன். லட்சக்கணக்கானவர்கள் டிவியில் பார்த்த மூன்று, காகிதத்தில் நான்காகவே நின்றது. ஆட்டத்துக்குள் விதி என்றால் விதிதான்.

ஆட்டத்துக்குள் வருவதற்கு?

சார்லி சிஃபோர்ட் என்று ஒரு ஆட்டக்காரர். வட கரோலினாவில் பிறந்த கறுப்பர். சின்னப் பையனாக அடுத்தவர் பையைச் சுமக்கும் கேடியாக இருந்து ஆட்டம் கற்றவர். அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் சங்கத்தின் விதியிலேயே 'வெள்ளையர் மட்டும்' என்று ஒரு ஷரத்து இருந்தது. அதை 1961-ல்தான் எடுத்தார்கள். அப்போது சிஃபோர்டுக்கு வயது நாற்பதை நெருங்கிவிட்டது. அப்படியும் 1967-ல் ஹார்ட்ஃபோர்ட் ஓபன், 1969-ல் லாஸ் ஏஞ்சலஸ் ஓபன் இரண்டிலும் ஜெயித்தார். அகஸ்டாவிலிருந்து அழைப்பு வரவில்லை. தகுதி விதிகள் இல்லாமல் இல்லை. ஆனால் டூர் போட்டி ஒன்றில் ஜெயித்தால் நேரே அழைப்பு என்ற விதி அன்றைக்கு இல்லை. கடைசிவரை சிஃபோர்ட் அந்த மைதானத்தில் மாஸ்டர்ஸ் ஆடவே இல்லை. 2014-ல் நாட்டின் உயரிய சிவிலியன் விருதான ஜனாதிபதி சுதந்திரப் பதக்கம் அவருக்கு வந்தது. அந்த அழைப்பு வரவில்லை. 2015-ல் காலமானார்.

அதே மைதானத்தில் கறுப்பர்கள் இல்லாமலா இருந்தார்கள்? பந்துப் பையைச் சுமந்தவர்கள் எல்லாம் அவர்கள்தான். 1982 வரை ஆட்டக்காரர்கள் கிளப்பின் சொந்த கேடிகளைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் எல்லோரும் உள்ளூர்க் கறுப்பர்கள். எந்தப் பக்கம் புல் சாய்கிறது, எங்கே பந்து உருளும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு சாம்பியன்களுக்குத் தெரியாது. அவர்கள் சொல்கேட்டு ஆடித்தான் பலர் கோட்டு வாங்கினார்கள். பந்தியில் உட்கார முடியாது, பரிமாறலாம். நம் ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

லீ எல்டர்

டெக்சாஸ் மாநிலம் டல்லஸில் பிறந்தவர் லீ எல்டர். பிறந்த வருஷம் 1934, அந்தப் போட்டிக்கும் அதே வயது. ஒன்பது வயதில் அப்பா, அம்மா இருவரையும் இழந்தார். கேடி வேலை பார்த்து, சிரமப்பட்டு டூருக்குள் நுழைந்தார். 1968-ல் ஃபுளோரிடாவின் பென்சகோலாவில் போட்டி ஆடப் போனபோது, கிளப் கட்டிடத்துக்குள் விடாமல் கார் நிறுத்துமிடத்தில் உடை மாற்றச் சொன்னார்கள்.

1971-ல் அகஸ்டா தன் விதியை மாற்றியது. டூர் போட்டியில் ஜெயிப்பவருக்கு அடுத்த வருஷம் தானாக அழைப்பு. 1973-ல் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் 18 பேர் சேர்ந்து, எல்டரை அழையுங்கள் என்று கடிதம் எழுதினார்கள். ராபர்ட்ஸ் மறுத்துவிட்டார். ஜெயித்தால் வரட்டும், கறுப்பர் என்பதற்காகச் சலுகை தர முடியாது என்பது அவர் கட்சி. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். சிஃபோர்ட் இரண்டு தடவை ஜெயித்தபோது இந்த விதி எங்கே போயிற்று என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

1974 ஏப்ரலில் எல்டர் ஜெயித்தார். எங்கே தெரியுமா? அதே பென்சகோலாவில்! இனி யாரும் தடுக்க முடியாது. தயவு தாட்சண்யம் இல்லை, விதிப்படி அழைப்பு வந்தே தீர வேண்டும். வந்தது. கூடவே கொலை மிரட்டல்களும் வந்தன. 1975 ஏப்ரலில் அகஸ்டாவில் இரண்டு வீடுகளை வாடகைக்கு எடுத்து, எந்த ராத்திரி எதில் தங்குகிறார் என்று தெரியாதபடி மாறி மாறித் தங்கினார்.

முதல் நாள் 74, இரண்டாம் நாள் 78. பாதியிலேயே வெளியேற வேண்டிய கணக்கு. புள்ளிவிவரப் புத்தகத்தில் அது ஒரு தோல்வி, அவ்வளவுதான். ஆனால் எல்டர் பின்னாளில் சொன்ன ஒரு விஷயம் உண்டு. கடைசிக் குழியை நோக்கி அவர் நடந்து வந்தபோது, சமையல்காரர்கள், பரிமாறுகிறவர்கள் என்று கிளப்பின் கறுப்புப் பணியாளர்கள் வேலையை விட்டுவிட்டு வெளியே வந்து நின்று கைதட்டினார்களாம். இதைப் படித்த அன்று எனக்கு ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

1990-ல்தான் கிளப்பில் முதல் கறுப்பு உறுப்பினர் சேர்ந்தார். 1997-ல் டைகர் வுட்ஸ் என்ற 21 வயதுப் பையன் 12 அடி வித்தியாசத்தில் ஜெயித்து எல்லோர் வாயையும் அடைத்தார். அதைப் பார்க்க எல்டர் விமானம் ஏறி வந்திருந்தார். வுட்ஸும், தனக்கு முன்னால் பாதை போட்ட எல்டர், சிஃபோர்ட் ஆகியோரை அன்று மறக்காமல் சொன்னார்.

பெண்கள் விஷயத்தில் இன்னும் தாமதம். 2002-ல் பெண்கள் அமைப்பு ஒன்று இது பற்றிக் கேட்டபோது கிளப் அசையவில்லை. விளம்பரதாரர்களுக்குத் தலைவலி வேண்டாம் என்று 2003, 2004 இரண்டு வருஷமும் விளம்பரமே இல்லாமல் டிவியில் காட்டினார்கள். 2012-ல்தான் கான்டலீசா ரைஸ், டார்லா மூர் இருவரும் முதல் பெண் உறுப்பினர்கள் ஆனார்கள். 2019 முதல் பெண்கள் அமெச்சூர் போட்டி ஒன்றின் கடைசிச் சுற்று அங்கே நடக்கிறது.

அழைப்பு முறையே கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. வேறு வழியில் நுழைய முடியாதவருக்குக் கதவு திறப்பதும் அதே அழைப்புதான். 2018-ல் நம் சுபாங்கர் சர்மாவுக்கு 21 வயதில் சிறப்பு அழைப்பு அனுப்பினார்கள். அதற்கு முன் 2007-ல் ஓட்டப்பந்தய வீரர் மில்கா சிங்கின் மகன் ஜீவ் மில்கா சிங், மாஸ்டர்ஸ் ஆடிய முதல் இந்தியர் ஆனார். 2000-ல் பச்சைக் கோட்டு போட்டுக்கொண்ட விஜய் சிங், பிஜித் தீவின் இந்திய வம்சாவளி. பரிசுப் பணமும் எங்கேயோ போய்விட்டது. முதல் சாம்பியனுக்கு 1,500 டாலர் என்றேனே, 2025-ல் ஜெயித்த ரோரி மெக்கல்ராய்க்கு 42 லட்சம் டாலர்!

2021 ஏப்ரலில், போட்டியைத் தொடங்கிவைக்கும் கௌரவம் நிக்லாஸ், பிளேயரோடு லீ எல்டருக்கும் தரப்பட்டது. அகஸ்டாவில் கறுப்பர்களின் கல்விக்காக ஏற்பட்ட பெய்ன் கல்லூரியில் அவர் பெயரில் உதவித்தொகையும் அறிவித்தார்கள். எல்டருக்கு அப்போது 86 வயது. பந்தை அடிக்க உடம்பில் தெம்பில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து, மட்டையைப் பிடித்துக்கொண்டு கையை ஆட்டினார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். அந்த வருஷம் நவம்பரிலேயே காலமானார். 46 வருஷம் கழித்துத்தான் வீட்டுக்காரர்கள் அவரை வாசலில் வந்து வரவேற்றார்கள். ஆனாலும் அவர் இருக்கும்போதே நடந்தது. சிஃபோர்டுக்கு அதுகூட இல்லை.

நண்பர்களே, இதை எழுதும்போது நம் சங்கத்தின் அழைப்புப் பட்டியல் என் மேஜை மேல் இருக்கிறது. முகவரி கிடைக்காததால் 'தொடர்பு இல்லை' என்று குறித்த பெயர்கள் பல. படிப்பைப் பாதியில் விட்டுப் போனவர்கள் பெயர் அதில் இல்லவே இல்லை, பட்டம் வாங்கியவர்கள் மட்டும்தான் உறுப்பினர் என்று விதி. மெஸ்ஸில் நமக்கு நாலு வருஷம் சோறு போட்டவர்கள், லேபில் கூட நின்றவர்கள் யாருக்கும் தனியாக அழைப்பு போகவில்லை. யாரும் வேண்டுமென்று விட்டதில்லை, எனக்குத் தெரியும். பட்டியல் என்று ஒன்று போட்டால் இப்படித்தான் ஆகும். அதனால்தான் அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அடுத்த பொதுக்குழுவில் இந்த விதியை மாற்றும்படி ஒரு தீர்மானம் கொண்டுவர இருக்கிறேன். ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள். அதற்கு முன்னால், விடுபட்டவர் யாருடைய முகவரியாவது உங்களிடம் இருந்தால், ஒரு கார்டிலாவது எழுதி செயலாளருக்கு அனுப்பிவையுங்கள்.